‘ஏக்ஷெ’: ஐரிஷ் மொழியில் கவிதையைக் குறிக்கும் ஒரு சொல்லின் பிறப்பும் இலக்கணமும்

ஒரு மொழியினர் கவிதைக்கு இட்டு வழங்கும் பெயரைக் கொண்டு, கவிதையைப் பற்றி அவர் கொண்டிருந்த கருத்தை உணரலாம் என்பது திறனாய்வாளர் பலர் கைக்கொள்ளும் முறை. கிரேக்கர் ‘பொயேஸிஸ்’ என்றனர். அச்சொல் ‘செய்தல்’ என்னும் வினையடியாகப் பிறந்தது. தமிழில் ‘செய்யுள்’ என்பதும் அவ்வாறு பிறந்ததே. ஆதலின் இவ்விரு மொழியினரும் கவிதையைச் செய்யப்படும் பொருளாகக் கண்டனர் என்று கூறுதல் இயல்பு. இம்முறை பயனுடையது, ஆயினும் இடரும் உடையது. வேரின் பொருளை மட்டும் கைக்கொண்டு, அவ்வேரிலிருந்து சொல் உருவான இலக்கண நெறியை நோக்காது விடின், சொல்லின் பிறப்பையே அதன் வாழ்வாகக் கொள்ளும் பிழைக்கு ஆளாவோம்.

இவ்விடரை விளக்குதற்கு ஐரிஷ் மொழியின் ‘ஏக்ஷெ’ என்னும் சொல் மிகவும் ஏற்றது. கவிதை, புலமை, புலவர் குழாம் என்னும் மூன்று பொருளும் இச்சொல்லுக்கு உண்டு. இக்கால ஐரிஷ் மொழியில் கவிதையைக் குறிக்கும் பொதுச்சொல் ‘ஃபிலீக்த்’ என்பது. ‘ஏக்ஷெ’ இலக்கிய வழக்கிற்கே உரியது. இதன் வேர் ‘காண்டல்’ எனப் பொருள்படும். அதனைக் கொண்டு, ஐரிஷ் மக்கள் கவிதையைத் தெய்வக் காட்சியாகவே கொண்டனர் என்றும், அவர்தம் கவிஞன் கல்வியால் ஆகாது உள்ளத்தெழுச்சியால் ஆனவன் என்றும் முடிவு கட்டுவார் உளர். யாம் இம்முடிபு பொருந்தாது என்று கருதுகின்றோம். வேர் காட்சியைச் சுட்டுவது உண்மை. ஆனால் விகுதி வேறொன்றைச் சுட்டுகின்றது. இக்கட்டுரை அவ்விகுதியின் பொருட்டு எழுதப்படுவது.

சொல்லின் பிறப்பு

‘ஏக்ஷெ’ என்பதன் பழைய வடிவம் ‘ஏக்ஸெ’. இது ‘ஏகெஸ்’ என்னும் பெயரினின்றும் தோன்றிய பண்புப்பெயர். ‘ஏகெஸ்’ என்பான் புலவன், அறிஞன், வருவது அறிவோன். இக்கால ஐரிஷில் இப்பெயர் ‘ஏகஸ்’ என வழங்கும்.

‘ஏகெஸ்’ என்பதனை இரு கூறாகப் பகுப்பர். முற்கூறு ‘உள்’ எனப் பொருள்படும் முன்னொட்டு. அதன் பழைய ஒலி ‘என்’. பிற்கூறு ‘க்வெஸ்’ என்னும் வேர். பழைய ஐரிஷ் மொழியில் ‘காண்கிறான்’ எனப் பொருள்படும் ‘அத்-கீ’ என்னும் வினையில் இவ்வேரே உள்ளது. ஆகவே ‘ஏகெஸ்’ என்பதன் சொற்பொருள் ‘உள் நோக்குவோன்’ என்பதாம்.

முன்னொட்டில் இருந்த னகரம் எங்கே போயிற்று என்று கேட்கலாம். மெல்லெழுத்தும் ககரமும் அடுத்து வரின், ஐரிஷ் மொழியில் மெல்லெழுத்துக் கெட்டு, முன்னின்ற உயிர் நீண்டு, ககரம் ‘தங்கை’, ‘நங்கை’ என்பவற்றில் நாம் கேட்கும் மெலிந்த ஒலியைப் பெறும். ஐந்து என்னும் எண்ணுப்பெயர் இதற்குத் தக்க சான்று. இலத்தீனில் ‘க்வின்க்வே’ என மெல்லெழுத்தோடு நிற்கும் அச்சொல், ஐரிஷில் மெல்லெழுத்தின்றிக் ‘கோக்’ என்றும் பின்னர்க் ‘கூக்’ என்றும் ஆயிற்று. ஈற்றுக் ககரம் மெலிந்தே ஒலிக்கும். ‘என்-க்வெஸ்’ என்பது ‘ஏகெஸ்’ ஆயதும் இந்நெறியானே என்க.

எழுத்து முறையிலும் ஒரு செய்தி குறிப்பிடத்தக்கது. பழைய ஐரிஷ் ஏடெழுதுவோர் இம்மெலிந்த ஒலிக்கும் வல்லொலிக்குரிய எழுத்தையே இட்டனர். படிப்போர் இடமறிந்து ஒலித்தனர். ஒரே ககரத்தை இடத்திற்கேற்ப இருவகையாய் ஒலிக்கும் தமிழ் மாணவர்க்கு இது புதிதாகத் தோன்றாது. இக்கால ஐரிஷ் எழுத்து முறையோ இரண்டிற்கும் வெவ்வேறு எழுத்தை வழங்குகின்றது.

சொல்லின் இலக்கணம்

‘ஏகெஸ்’ என்னும் ஆண்பாற் பெயரோடு ‘எ’ என்னும் விகுதி சேர்ந்து ‘ஏக்ஸெ’ ஆயிற்று. ஏ-கெ-செ என மூன்று அசையாய் நிற்கவேண்டிய சொல் இரண்டு அசையாய்க் குறுகியது ஏன்? கி.பி. ஆறாம் நூற்றாண்டளவில் ஐரிஷ் மொழியில் ஒரு பெருமாற்றம் நிகழ்ந்தது. பல அசையுடைய சொற்களில் இரண்டாம் அசையின் உயிர் கெட்டது. அவ்விதிப்படி நடுவிலிருந்த எகரம் மறைய, ககரமும் சகரமும் மயங்கி நின்றன. எனவே இச்சொல்லின் வடிவம் முறை பிறழ்ந்த ஒன்றன்று. மொழியின் பொது விதிக்கு முற்றும் அடங்கியது.

‘எ’ என்னும் இவ்விகுதி பண்பையும் நிலையையும் குறிக்கும் பெண்பாற் பெயர்களை ஆக்குவது. உரிமையுடையான் எனப் பொருள்படும் ‘ஸோய்ர்’ என்பதனோடு இவ்விகுதி சேர்ந்தால் ‘ஸோய்ரெ’, அதாவது உரிமையுடைமை என்றாகும். அவ்வாறே ‘ஏக்ஸெ’ என்பது ஏகெஸ் ஆந்தன்மை. ஏகெஸ் என்பானுக்குரிய நிலை, தகுதி, தொழில். தமிழில் ‘மை’ விகுதி புலவன் என்பதை நோக்கிப் புலமை என நிற்பது போல்வது இது.

இக்கால ஐரிஷில் பெயர்ச்சொற்களை ஐந்து வாய்பாடுகளாக வகுப்பர். ‘ஏக்ஷெ’ அவற்றுள் நான்காவதைச் சாரும்; ஒருமையில் உடைமைப் பொருளிலும் அதன் ஈறு மாறாது. ஆயின் சுட்டிடைச்சொல் முன்வரும்போது பாலும் வேற்றுமையும் புலப்படும். புலவனைக் குறிக்கும் ‘ஏகஸ்’ ஆண்பாலாதலின் இடையே ஒரு தகரம் தோன்றி ‘அன் தேகஸ்’ எனப்படும். ‘ஏக்ஷெ’ பெண்பாலாதலின் தகரம் தோன்றாது ‘அன் ஏக்ஷெ’ என்றே நிற்கும். உடைமைப் பொருளில் ‘ந ஹேக்ஷெ’ என ஹகரம் பெறும். மனிதனைக் குறிக்கும் சொல் ஆண்பால். அவன் நிலையைக் குறிக்கும் சொல் பெண்பால். இப்பாற் பகுப்பு விகுதி பற்றியதேயன்றிப் பொருள் பற்றியதன்று. கவிதையைப் பெண்ணாக உருவகித்ததன் விளைவு இஃது என்று கொள்ளுதற்கு இடமில்லை.

இனி, நிலையைக் குறிக்கும் சொல் அந்நிலையினரின் கூட்டத்தையும் குறித்தல் பல மொழிகளிலும் காணப்படுவது. ‘அரசு’ என்னுஞ் சொல் ஆளுந்தன்மையையும் ஆளும் அமைப்பையும் குறிப்பதை நோக்குக. ‘ஏக்ஷெ’யும் அவ்வாறே புலவர் குழாம் முழுவதையும் குறிக்கலாயிற்று. புரவலர்க்குப் பாடிய புலவர் தம் வகுப்பினர் அனைவரையும் சேர்த்துச் சொல்லுதற்கு இவ்வொரு சொல்லையே ஆண்டனர். கவிதை என்னும் பொருளும், கவிஞர் என்னும் பொருளும் ஒரே சொல்லில் பிரிவின்றிக் கிடந்தன.

இனமான சொற்கள்

இது தனியொரு சொல்லின் விளைவாயின் நாம் பெரிதாகக் கொள்ள வேண்டா. பழைய ஐரிஷில் கவிதைத்துறையைக் குறிக்கும் ஏனைச் சொற்களையும் உடன்வைத்து நோக்குதல் வேண்டும்.

முதலாவது ‘ஃபிலிதெக்த்’. இதுவே இக்காலப் பொதுச்சொல்லாகிய ‘ஃபிலீக்த்’ என்பதன் முன்வடிவம். இதன் அடி ‘ஃபிலி’, அதாவது புலவன். ஓகம் என்னும் பழைய கோட்டெழுத்தில் பொறித்த கல்வெட்டொன்றில் ‘வெலிதாஸ்’ என, ‘புலவனுடைய’ என்னும் பொருளில், இச்சொல் காணப்படுகின்றது. சொன்முதல் வகரம் ஐரிஷில் ஃபகரமாகத் திரியும். வேல்ஸ் மொழியில் ‘க்வ’ ஆகும். ஆடவன் என்னும் சொல் இலத்தீனில் ‘விர்’, ஐரிஷில் ‘ஃபெர்’. மெய்ம்மை குறித்த சொல் இலத்தீனில் ‘வேருஸ்’, ஐரிஷில் ‘ஃபீர்’, வேல்ஸில் ‘க்விர்’. இம்முறையால் ‘ஃபிலி’ என்பதன் வேர், வேல்ஸ் மொழியில் ‘காண்’ எனப் பொருள்படும் ‘க்வெல்’ என்பதோடு ஒன்றாதல் தெளிவு. ஆகவே ஃபிலியும் காண்போனே. அப்பெயரோடு ‘எக்த்’ என்னும் விகுதி சேர்ந்து ‘ஃபிலிதெக்த்’ ஆயிற்று. ஃபிலியின் நிலை என்பது பொருள்.

இரண்டாவது ‘பார்ட்னெ’. இது ‘பார்டு’ என்னும் பாடுவோன் பெயரினின்றும் ஆயது. ‘பார்டு’ என்பதன் வேர் ‘புகழ்தல்’ எனப் பொருள்படும். இச்சொல்லும் ஆளின் பெயரோடு விகுதி சேர்ந்ததே.

மூன்று சொற்களின் வேர்களும் ஒன்றல்ல. இரண்டு காண்டலையும் ஒன்று புகழ்தலையும் குறிக்கும். ஆனால் மூன்றன் அமைப்பும் ஒன்றே: முதலில் ஆளின் பெயர், அதன்மேல் நிலை குறிக்கும் விகுதி. இதற்கு மாறாகத் தனிப்பாடலைக் குறிக்கும் சொற்களை நோக்குக. ‘அர்க்கெதல்’ என்பது ‘பாடு’ என்னும் வினையடியாகப் பிறந்தது. ‘தான்’ என்னும் நெடின்முதற் சொல் ‘கொடு’ என்னும் வேரடியாகப் பிறந்தது. இலத்தீன் ‘தோனும்’, வடமொழித் ‘தானம்’ என்பனவும் அவ்வேரினவே; நாம் வடமொழியிலிருந்து பெற்று வழங்கும் தானம் என்னும் சொல்லின் தொலைவான உறவாக ஐரிஷ் மொழியில் பாட்டின் பெயர் நிற்கின்றது.

எனவே ஒரு பகுப்பு நம் கண்முன் தோன்றுகின்றது. பாட்டு என்னும் பொருளுக்கு ஐரிஷ் மொழி செயலடியாகப் பெயரிட்டது. கவிதை என்னும் துறைக்கோ ஆளடியாகப் பெயரிட்டது. பாட்டு பாடப்படுவது அல்லது கொடுக்கப்படுவது. கவிதையோ ஒருவன் வகிக்கும் நிலை. இப்பகுப்பே ‘ஏக்ஷெ’ என்னும் சொல்லின் இலக்கணம் நமக்கு உணர்த்துவது என்பது எம் துணிபு.

‘எக்த்’ என்னும் விகுதி வேறெங்கு வருகின்றது என்பதும் கருதத்தக்கது. அரசன் எனப் பொருள்படும் ‘ரீ’ என்பதனோடு அதே விகுதி சேர்ந்தே அரசு எனப் பொருள்படும் ‘ரீக்த்’ என்னுஞ் சொல் உண்டாயிற்று. கொல்லன் தொழிலைக் குறிக்கும் சொல்லும் அவ்விகுதி பெற்றதே. அரசனுக்கு அரசும், கொல்லனுக்குக் கொற்றொழிலும் எவ்வாறோ, அவ்வாறே புலவனுக்குக் கவிதை. ‘தான்’ என்னும் சொல்லும் இதற்குத் துணை செய்யும். அது கொடை என்னும் பொருளினின்று திறமை, கலை, தொழில் என விரிந்தது. ‘கலையுடைய மாந்தர்’ எனப் பொருள்படும் பழந்தொடர் புலவரை மட்டுமன்றிக் கைவினைஞரையும் தழுவி நின்றது. வேர் ஒன்றையே பற்றுவோர் இச்சொல்லைக் கொண்டு கவிதை தெய்வத்தின் கொடை என்பர். வழக்கோ அது கற்றுப் பெறும் கலை என்கின்றது.

காட்சியும் கல்வியும்

1867ஆம் ஆண்டு மேத்யூ ஆர்னால்டு கெல்திய இலக்கியக் கல்வியைப் பற்றித் தம் ஆக்ஸ்ஃபோர்டுச் சொற்பொழிவுகளை நூலாக வெளியிட்டார். கெல்தியர் உணர்ச்சி மிக்கவர், இயற்கையின் மாயத்தைப் பாடுதலில் வல்லவர், அளவும் ஒழுங்கும் பேணும் பொறுமை குறைந்தவர் என்னும் ஓவியத்தை அந்நூல் தீட்டியது. ஆர்னால்டு செய்த நன்மையை மறுத்தல் ஆகாது. ஆக்ஸ்ஃபோர்டில் 1877இல் கெல்தியத்திற்குப் பேராசிரியர் பதவி ஏற்படுதற்கு அவர் குரலும் காரணம். ஆயினும் அவர் கெல்திய மொழிகளைக் கல்லாதவர்; மொழிபெயர்ப்புகளின் வழியே கண்டவர். மொழிபெயர்ப்பில் வேரின் மணம் ஓரளவு வரக்கூடும். யாப்பும் இலக்கணமும் வாரா. அளவும் ஒழுங்கும் இல்லை என்று அவர் கூறிய இடத்திலேதான் ஐரிஷ் புலவர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டனர்.

சான்றுகளைப் பார்ப்போம். கி.பி. 908இல் இறந்தவரும் காஷலின் அரசரும் ஆயருமாகிய கார்மக் மக் குலெனான் பெயரால் வழங்கும் சொற்பொருள் நூலொன்று உண்டு. ‘ஃபிலி’ என்பதனை அந்நூல் ‘ஃபி’, ‘லி’ என இரண்டாகப் பிரிக்கும். ‘ஃபி’ நஞ்சு, ‘லி’ ஒளி. வசையில் நஞ்சும் வாழ்த்தில் ஒளியும் உடையவன் புலவன் என்பது அதன் கருத்து. இக்கால மொழிநூல் இப்பிரிப்பை ஏலாது. ஆயினும் இப்பொய்ப்பிறப்பு மெய்யான செய்தியொன்றைத் தருகின்றது. ஒன்பது, பத்தாம் நூற்றாண்டினர்க்குக் ‘காண்டல்’ என்னும் வேர் இச்சொல்லில் புலப்படவில்லை. புலவன் என்றதும் அவர்க்கு முதலில் தோன்றியது அவன் சமுதாயத்தில் ஆற்றும் தொழில்: புகழ்தலும் பழித்தலும். வேரின் பொருள் பேசுவோர் உள்ளத்தினின்று மறைந்தபின், அதனை அவர்தம் கவிதைக் கொள்கையாகக் கொள்வது எங்ஙனம் பொருந்தும்?

காட்சி என்னும் கூறு அறவே இல்லை என்று யாம் சொல்லவில்லை. அந்நூலே ‘இம்பஸ் ஃபொரொஸ்னி’ என்னும் சடங்கை விளக்குகின்றது. புலவன் பச்சை இறைச்சியை மென்று, தெய்வங்களை அழைத்து, இரு கைகளையும் கன்னங்களில் வைத்து உறங்குவான். அவ்வுறக்கத்தில் வேண்டியது அவனுக்குப் புலப்படும். பாட்ரிக் அடிகள் இதனைத் தடுத்தார் என்றும், பேய்களுக்குப் படையல் வேண்டாத வேறொரு முறையை விட்டுவைத்தார் என்றும் அந்நூல் கூறும். ‘பஸ்’ என்பது உள்ளங்கையாதலின் இச்சடங்கு ‘இம்பஸ்’ எனப்பட்டது என்பது அந்நூலார் கருத்து. உண்மையில் அச்சொல் ‘பேரறிவு’ எனப் பொருள்படும் கூட்டுச்சொல். அதன் பிற்கூறு அறிவைக் குறிக்கும் சொல்லே. சடங்கின் பெயரிலும் அறிவே முன்னிற்பது கருதத்தக்கது.

இவ்விரண்டும் ஒன்றற்கொன்று மாறல்ல என்பதனை வலியுறுத்தும் இடம் ‘தாய்ன்’ எனப்படும் ஆநிரை கவர்ந்த கதையில் உள்ளது. வெட்சித் திணையை அறிந்த நமக்கு அக்கதையின் பொருள் அயலானதன்று. அதன் பழைய வடிவில், படையெடுத்துச் செல்லும் அரசி மெத்வ் வழியில் ஃபெதெல்ம் என்னும் பெண்பாற் புலவரைக் காண்கின்றாள். எங்கிருந்து வருகின்றாய் என்று வினவ, ஆல்பா நாட்டில் ஃபிலிதெக்த் கற்று மீள்வதாக அவள் விடையிறுக்கின்றாள். அதன் பின்னரே, உனக்கு இம்பஸ் ஃபொரொஸ்னி உண்டா என்று அரசி கேட்கின்றாள். உண்டு என்று கூறிய ஃபெதெல்ம் படையின் அழிவைக் கண்டு உரைக்கின்றாள். இவ்வுரையாடலின் முறைவைப்பை நோக்குக. முதற்கண் கல்வி; பின்னர்க் காட்சி. கடல் கடந்து சென்று கற்றவளிடமே காட்சி உண்டா என்று கேட்கப்படுகின்றது. காட்சி கல்விக்குப் பகையன்று. கல்வியால் அடையும் நிலையின் ஒரு பகுதி.

சட்ட நூல்களும் இதனையே கூறும். புலவரின் படிநிலைகளை விளக்கும் ஒரு நூலை லியம் பிரெத்நக் 1987இல் பதிப்பித்துள்ளார். ஃபிலியர்க்கு ஏழு படிகள். அவற்றுள் உயர்ந்தவன் ‘ஒல்லவ்’. அவனுக்கு இழிவு செய்தோர் தரவேண்டிய மதிப்புத் தொகை ஒரு சிறுநாட்டு அரசனுக்குரிய தொகைக்கு இணையானது. பார்டு என்பானினும் ஃபிலி உயர்ந்தமைக்குக் காரணம் இயற்கைத் திறனன்று, முறையான கல்வி. அரசும் கவிதையும் ஒரே விகுதி பெற்றதனை மேலே கண்டோம். சட்டமும் அவ்விரண்டையும் ஒரே நிறைகோலில் வைத்தது. ‘ஒல்லவ்’ என்னும் அப்பழம் பட்டமே இன்று அயர்லாந்தில் பல்கலைக்கழகப் பேராசிரியரைக் குறிக்கின்றது.

ஏறத்தாழ 1200 முதல் 1650 வரை அயர்லாந்திலும் ஸ்காட்லாந்தின் கேலிக் பகுதியிலும் புலவர் ஒரே செம்மொழியைப் பேணினர். அவர்தம் செந்நெறி யாப்பில் அடிதோறும் அசை எண்ணப்பட்டது. இயைபில் ஒரே மெய் வரவேண்டும் என்பதில்லை. ஒரே இனத்து மெய் வந்தால் போதும். அதன்பொருட்டு மெய்களை வல்லியன, மெல்லியன, மூச்சொலியன என்பன போன்ற வகுப்புகளாகப் பிரித்து, சகரத்தைத் தனியே நிறுத்தினர். இன எதுகையை அறிந்த தமிழ் மாணவர்க்கு இந்நெறியின் நுட்பம் எளிதில் விளங்கும். இத்தகைய ஒழுங்கைப் படைத்தோரை அளவு பேணாதவர் என்றல் எவ்வாறு?

1703இல் மார்ட்டின் மார்ட்டின் என்பார் ஸ்காட்லாந்தின் மேலைத்தீவுகளைப் பற்றி எழுதிய நூலில், புலவர் கதவையும் பலகணியையும் அடைத்து, வயிற்றின்மேல் கல்லை வைத்து, தலையை ஆடையால் மூடி, ஒரு நாள் முழுதும் இருளில் மல்லாந்து கிடந்து பாடல் இயற்றினர் என்று குறிக்கின்றார். 1722இல் வெளிவந்த கிளான்ரிகார்டு நினைவேட்டிலும், ஐரிஷ் புலவர் பள்ளியில் மாணவர் இருளறையில் தனித்தனியே படுத்துப் பாடல் அமைத்து, விளக்கு வந்தபின் எழுதி, ஆசிரியர் முன் படைத்தனர் என்னும் செய்தி உண்டு. கார்மக் நூலில் கண்ட கிடக்கையும் மறைப்பும் ஈண்டும் உள்ளன. ஆனால் முடிவில் கேட்கப்படுவது வருவதுரைத்தல் அன்று; பிழையற்ற யாப்பு. காட்சியின் இடத்தில் தேர்வு வந்தது. வேரில் இருந்த பொருள் விகுதியின் பொருளுக்கு இடங்கொடுத்து ஒதுங்கியமையை இவ்விருளறையில் நாம் நேரே காண்கின்றோம்.

ஆஸ்பர்ன் பெர்கின் 1912இல் டப்ளினில் ஆற்றிய சொற்பொழிவில் ஐரிஷ் புலவனைப் பயிற்சி மிக்க தொழிலறிஞனாக, இலக்கியப் பேராசிரியனை ஒப்பவனாகக் காட்டினார். ஆர்னால்டின் ஓவியத்திற்கு அதுவே தக்க மறுமொழி. பெர்கின் யாப்பாலும் வரலாற்றாலும் நிறுவியதனைச் சொல்லின் விகுதியும் நிறுவுகின்றது என்பதே யாம் இங்குச் சேர்ப்பது.

சொல்லின் தளர்ச்சியும் எச்சமும்

நிலையைக் குறிக்கும் சொல் அந்நிலை நின்றால் நிற்கும். அது வீழ்ந்தால் தளரும். 1601இல் கின்சேல் போரில் ஐரிஷ் தலைவர் தோற்றனர். 1607இல் வடபகுதிப் பெருந்தலைவர் நாட்டை விட்டு நீங்கினர். புரவலர் போயினமையின் புலவர் பள்ளிகளும் பதினேழாம் நூற்றாண்டின் இடைப்பகுதியளவில் ஒடுங்கின. அதன்பின் கவிதை அழிந்துவிடவில்லை. உழவரும் ஊர்ப்பள்ளி ஆசிரியரும் பாடினர். அசையெண்ணும் யாப்பின் இடத்தில் அழுத்தத்தை அளவாகக் கொண்ட யாப்பு ஓங்கியது. ஆனால் கவிதை ஒரு நிலையாக, ஒரு குழாமாக இருந்த காலம் முடிந்தது.

இம்மாற்றம் இரு சொற்களின் வாழ்வில் பதிந்துள்ளது. ‘ஃபிலீக்த்’ புலவன் நிலை என்னும் பொருளைக் கைவிட்டு, எவர் பாடினும் கவிதை என்னும் பொதுப்பொருளை ஏற்றது, ஆதலின் வாழ்ந்தது. ‘ஏக்ஷெ’ தன் குழாத்தை விடாது பற்றி நின்றது. ஆதலின் இலக்கிய வழக்காய்ச் சுருங்கியது. சுருங்கினும் அதன் இலக்கணப் பொருள் மாயவில்லை. 1939இல் ஜெரார்டு மர்ஃபி ஐரிஷ் ஆராய்ச்சிக்கென ஓர் இதழ் தொடங்கியபோது அதற்கு ‘ஏக்ஷெ’ என்றே பெயரிட்டார். லிமரிக் மாவட்டத்து நியூகாசில் வெஸ்டில் கவிஞர் மைக்கேல் ஹார்ட்னெட் நினைவாக நிகழும் இலக்கிய விழாவும் ‘ஏக்ஷெ’ என்றே வழங்கும். அறிஞர் கூடும் இதழ், கவிஞர் கூடும் விழா: இரண்டும் குழாம் என்னும் பழம்பொருளின் எச்சங்களே. காட்சி என்னும் வேர்ப்பொருள் இவற்றில் யாதும் இல்லை.

முடிபும் ஒரு குறிப்பும்

இவ்வாராய்ச்சி தமிழ்த்துறையினர்க்கு வேண்டுவதா என்னும் ஐயத்திற்கு இரு விடைகள் உள்ளன. கார்மக் நூலைப் பதிப்பித்த விட்லி ஸ்டோக்ஸ் 1862இல் இந்தியா போந்து, சென்னையில் சட்டப்பணி புரிந்து, பின்னர்க் கல்கத்தா சென்றவர். அந்நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு அவர் பதிப்பாக 1868இல் கல்கத்தாவில்தான் அச்சேறியது. இது வரலாற்று விடை. மற்றொன்று திறனாய்வு பற்றியது. க. கைலாசபதி, ஐரிஷ் மொழி வாயிலாகக் கால்வேயில் கிரேக்கம் கற்பித்த ஜார்ஜ் தாம்சனிடம் பர்மிங்காமில் ஆய்வு செய்து, 1968இல் ஆக்ஸ்ஃபோர்டில் வெளியிட்ட நூலில் சங்கப் பாடல்களைப் பிறநாட்டு வீரயுகப் பாடல்களோடு ஒப்பிட்டார். அந்நெறியில் செல்வோர் ஐரிஷ் ஃபிலியைப் பாணனோடு ஒப்பிடுவதா, புலவனோடு ஒப்பிடுவதா என்னும் வினாவைத் தவிர்த்தல் இயலாது. உணர்ச்சியால் பாடுவோன் என்னும் ஆர்னால்டின் ஓவியத்தை நம்பின் ஒரு விடை வரும். ஏழு படிகளும் இன இயைபும் கற்ற தொழிலறிஞனைக் கண்டால் வேறு விடை வரும். சொல்லின் அமைப்பு இரண்டாவதையே சார்கின்றது.

ஆதலின் ‘ஏக்ஷெ’ என்பதனைத் தமிழில் ‘கவிதை’ என்று மட்டும் பெயர்ப்பது குறைவுடையது. ‘தெய்வக்காட்சி’ என்று பெயர்ப்பது பிழையுடையது. ‘புலமை’ என்பதே அண்மையது. அச்சொல்லும் ஆளை நோக்கியது, கல்வியைத் தழுவியது, மை விகுதியால் நிலையைக் குறிப்பது. புலவர் குழாம் என்னும் பொருள் வருமிடத்துப் ‘புலமையோர்’ எனலாம். இவ்வொப்புமை இரு மொழிகளும் ஓரினம் என்பதற்குச் சான்றாகாது. கெல்தியம் இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தது. தமிழ் திராவிடக் குடும்பத்தது. ஒத்த சமுதாயத் தேவை ஒத்த சொல்லமைப்பை ஈன்றது என்ற அளவே இதனால் கொள்ளத்தக்கது.

சொல்லாராய்ச்சியில் வேர் காண்பது முதற்படி. அவ்வேரின்மேல் எவ்விகுதி ஏறியது, அச்சொல் எப்பால் கொண்டது, எவரெவரைக் குறிக்க வழங்கியது, எப்போது வழக்கொழிந்தது என்பனவற்றையும் ஒருங்கு நோக்கிய பின்னரே ஒரு மொழியினரின் கவிதைக் கொள்கையைப் பற்றி நாம் பேசுதல் தகும். ‘ஏகெஸ்’ உள் நோக்குவோன். ‘ஏக்ஷெ’ அவன் கண்ட காட்சியன்று. காணுந் தகுதியை அவனுக்கு அளித்த கல்வியும் அவனை ஏற்ற குழாமும் ஆம்.